டயலில் காய்ந்த பெயிண்ட்

சிட்லபாக்கம்
9 ஜூன் 2024

அன்புள்ள பென்னி அண்ணனுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நான் சுகம். நீயும் இஃப்ரா அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? கோத்தகிரியில் மழை தொடங்கியிருக்கும். குளிர் வந்தால் உனக்கு வரும் தோள்வலி இந்த வருடம் பரவாயில்லையா?

அப்பா போய் ஏழு மாதம் ஆகிறது. அடக்கத்துக்கு நீ ஏன் வரவில்லை என்று நான் கேட்கப்போவதில்லை. ஆனால் அவர் ஆஸ்பத்திரியில் சொன்ன ஒன்றை உன்னிடம் சேர்க்காமல் வைத்திருப்பது எனக்குப் பாரமாக இருக்கிறது. "வீடு உனக்கு. போன் பென்னிக்கு" என்றார். நான் சரியென்று தலையாட்டிய பிறகும் மறுபடி சொன்னார். அதற்குப் பிறகு தண்ணீர் கேட்டதைத் தவிர வேறெதுவும் பேசவில்லை.

எந்த போன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுவிசேஷமுத்து தாத்தா ரயில்வே காலனியில் சமையல்காரராக இருந்தபோது அந்த வெள்ளைக்கார எஞ்சினியர் ஊருக்குக் கப்பலேறும் முன் கொடுத்தது. அப்பா டெலிபோன் இலாகாவில் மெக்கானிக் ஆனதும் அதைப் பிரித்துப் பூட்டி நம் வீட்டு லைனில் மாட்டினாரே, அதேதான். லைனைத் துண்டித்து வருடக்கணக்காகிறது. இன்னும் பீரோ பக்கத்து முக்காலியில் இருக்கிறது.

நவம்பர் பதினேழு, ஞாயிறு, வருஷாப்தம். சர்ச்சில் ஜெபம் வைத்திருக்கிறேன். அன்றைக்கு வந்து நீயே எடுத்துக்கொண்டு போயேன்.

அண்ணிக்கு என் அன்பைச் சொல்.

ஜெரூஷா

கோத்தகிரி
2 ஜூலை

ஜெரூ,

நலம். தோளும் நலம்.

இஃப்ராவைக் கல்யாணம் செய்துகொண்டு கிளம்பிய பிறகு அந்த போனுக்கு எத்தனை முறை கூப்பிட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. எப்போதும் அப்பாவே எடுத்து "ஹலோ, லாசரஸ் ஸ்பீக்கிங்" என்பார். "அப்பா" என்பேன். வைத்துவிடுவார். அந்த 'டக்' இன்னும் என் காதில் இருக்கிறது. அதனால்தான் உன்னோடுகூட போனில் பேச எனக்கு வருவதில்லை. இரண்டு வாக்கியத்தில் உன்மேல் எரிந்துவிழுகிறேன். நாம் எழுதிக்கொள்வதுதான் நல்லது.

அவராவது கோபக்காரர். அம்மா? அதன்பின் நான்கு வருடம் உயிரோடு இருந்தார். ஒரு தடவை என்னைக் கூப்பிட்டாரா? வீட்டில் போன் இருந்தது, விரல் இருந்தது. இருந்தும் கூப்பிடவில்லை.

உனக்கு வீடு, எனக்கு என் முகத்தில் அறைந்த போன். நல்ல ஜோக். காயலான்கடையில் போட்டுவிடு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பென்னி

சிட்லபாக்கம்
21 ஜூலை

அன்புள்ள அண்ணா,

நான் சுகம், உன் சுகத்துக்கு ஜெபிக்கிறேன். உன் கடிதம் வந்த அன்று கல்லூரி நூலகத்தில் வேலையே ஓடவில்லை.

காயலான்கடைக்கு மனம் வரவில்லை. அதனால் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போனேன். அங்கே மொஹ்சின் என்று ஒருவர் பழைய ரேடியோவும் கடிகாரமும் போனும் பரப்பி வைத்திருப்பார். பையைத் திறந்ததும் அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரரும் எட்டிப் பார்த்தார்.

"இன்னாக்கா இது, கேட்டுக்கு அடிச்ச பெயிண்ட்ட போனுக்கும் அடிச்சி வெச்சிகிறீங்க?"

"எங்க அப்பா ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேட்டுக்கு வாங்கின பெயிண்ட்ல மிச்சத்தை வீணாக்க மாட்டாருங்க."

"நல்லவேளை, உங்கள வுட்டுட்டாரு."

கறுப்பு போனாகத்தான் இருக்கும், கறுப்பு நிறைய வருகிறது, ஒரு மிக்ஸி விலை தேறும் என்றார். ஆனால் இந்தக் கூம்பு வடிவம் இங்கிலாந்துத் தபால் இலாகாவுக்காகச் செய்தது, அதில் சிவப்பும் தந்த நிறமும் குறைவு, பச்சை கிடைப்பதே அரிது என்றும் சொல்லிக்கொண்டே அடிமூலையில் நகத்தால் சுரண்டினார். வெள்ளி, அதன்கீழ் நீலம், அதன்கீழ் பிரவுன். பிரவுனுக்குக் கீழே பச்சை தெரிந்தது. போனை வெயிலுக்கு நேராகத் திருப்பிப் பிடித்தார். "இது பெயிண்ட்டா, பாடியே பச்சையா? தெரியலயே. வூட்ல யாருக்காவது ஞாபகம் கீதா?" என்றார்.

உன்னைத் தவிர யாரைக் கேட்பேன்? நம் கேட் எப்போதாவது பச்சையாக இருந்ததா?

அன்புடன்,
ஜெரூஷா

கோத்தகிரி
4 ஆகஸ்ட்

அன்புள்ள ஜெரூ,

இங்கே எல்லாரும் சுகம். நீ இருமலுக்கு மருந்து சாப்பிடுகிறாயா? கடிதத்தில் எழுதாவிட்டாலும் ஆடி மாதம் உனக்கு இருமல் வரும்.

உன் மொஹ்சினிடம் சொல். நீலம், நான் பி.எஸ்சி. படித்தபோது. பிரவுன், உனக்கு அம்மை போட்ட வருடம். நீ உள்ளறையில் வேப்பிலைமேல் படுத்துக்கொண்டு "என்ன கலர்டா, என்ன கலர்டா" என்று கத்தினாய். அதற்கு முன்னால் கேட்டுக்குப் பெயிண்டே கிடையாது, வெறும் துரு. தாத்தா பெட்டியில் கிடந்த போனை அப்பா எடுத்து மாட்டியதும் அந்த வருடம்தான், நாம் பார்க்கும்போதே அது பிரவுன். பச்சை நம் வீட்டில் ஒருநாளும் இல்லை. ஆபீஸ் ஜீப் பச்சை, அதை வீட்டிலும் பார்க்க வேண்டுமா என்பார்.

ஆகவே அது பெயிண்ட் இல்லை. போனே பச்சை. நாம் ஒரு பச்சை போனில் பேசி வளர்ந்திருக்கிறோம், தெரியாமலே.

வெள்ளி எனக்குத் தெரியாது. நான் போன பிறகு அடித்திருக்க வேண்டும்.

நேற்று இஃப்ரா கேட்டாள், எதற்குத் தனியாகச் சிரிக்கிறீர்கள் என்று.

பென்னி

சிட்லபாக்கம்
18 ஆகஸ்ட்

அன்புள்ள அண்ணா,

இருமல் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. கவலைப்படாதே. ஏரிப்பக்கம் கொசு ஜாஸ்தி, மற்றபடி குறையில்லை.

நீ சொன்னது சரி. மொஹ்சின் வீட்டுக்கே வந்து, வாய்வைத்துப் பேசும் மூடியை எண்ணெய் விட்டு விட்டுத் திருகி எடுத்தார். உள்ளே பெயிண்ட் படாத இடம், இளம் வாழைக்குருத்து மாதிரிப் பச்சை. கீழே எண் சீட்டு வைக்கும் சின்ன இழுப்பறைகூட இருக்கிறது, பெயிண்டில் ஒட்டிப் போயிருந்தது. "புது ஸ்கூட்டர் விலை தேறும்க்கா. பெங்களூர்ல ஒருத்தர் இதுக்குன்னே பைத்தியமா சுத்திகினுகிறாரு" என்றார். பெயிண்டை அவரே பக்குவமாக எடுத்துத் தருவாராம். பழைய பிளாஸ்டிக், வேறு யாராவது தின்னரைத் தொட்டால் வெளுத்துவிடும் என்கிறார்.

டயல் மட்டும் சுற்றவில்லை. பெயிண்ட் உள்ளே இறங்கி இறுகியிருக்கிறது. அதையும் சரிசெய்யலாமாம்.

உன் பொருள், நீதான் சொல்ல வேண்டும். அப்பா உனக்கு வைத்தது அற்பமான பொருள் இல்லை என்று தெரிந்ததில் எனக்குச் சந்தோஷம். நூலகத்தில் அச்செடுத்த போட்டோக்களை இத்துடன் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஜெரூஷா

கோத்தகிரி
30 ஆகஸ்ட்

அன்புள்ள ஜெரூவுக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் இரண்டு நாளாக ஒரு மாதிரி இருக்கிறேன், உடம்புக்கு ஒன்றுமில்லை.

போட்டோவை ஸ்டாஃப் ரூம் ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். விலை எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. டயலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பெயிண்ட் அடிக்கும் முன் அப்பா டயலைத் திருகு திருகாகக் கழற்றி, பேப்பரில் பொட்டலம் கட்டி என் கையில் கொடுப்பார். "தூசி படக்கூடாதுடா. இது கண்ணு மாதிரி." பெயிண்ட் காயும்வரை நான் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படிப்பட்டவர் வெள்ளிப் பெயிண்டை டயல் மேலேயே, அதுவும் துளை துளையாக, கெட்டியாக அடித்திருக்கிறார். ஒரு டெலிபோன் மெக்கானிக் கைதவறி இதைச் செய்ய மாட்டார்.

அவர் தெரிந்துதான் அடைத்திருக்கிறார், ஜெரூ. நான் கூப்பிட்டால் வைத்துவிடுவது அவரால் முடிந்தது. தானாக என்னைக் கூப்பிடாமல் இருப்பது முடியவில்லை போலிருக்கிறது. அதற்காகத் தன் விரலைத் தானே கட்டிப்போட்டிருக்கிறார். கூப்பிட வேண்டும் என்று தோன்றாத மனுஷனுக்கு டயலை அடைக்கிற தேவை என்ன? அதைத்தான் எனக்கு வைத்துவிட்டுப் போயிருக்கிறார், பார்த்தால் புரிந்துகொள்வான் என்று.

பெயிண்டை எடுக்கச் சொல்லாதே. பெங்களூர்க்காரர் வேறு போன் தேடிக்கொள்ளட்டும். நவம்பரில் நான் வருகிறேன்.

பென்னி

சிட்லபாக்கம்
8 செப்டம்பர்

அன்புள்ள இஃப்ரா அண்ணிக்கு,

நீங்கள் நலமா? இதை உங்கள் தையல் பள்ளி விலாசத்துக்கு அனுப்புவதற்கு மன்னியுங்கள். அண்ணன் கையில் கிடைக்கக் கூடாது என்றுதான்.

அவன் டயலைப் பற்றி உங்களிடம் சொல்லியிருப்பான். அவன் எழுதியதைப் படித்து நான் அழுதேன், அது பொய் என்பதால்.

நீங்கள் இருவரும் போன பிறகு அப்பா அம்மாவை வேதாகமத்தின் மேல் கைவைக்கச் சொன்னார். பென்னிக்கு எழுத மாட்டேன், அவனைப் பார்க்கப் போக மாட்டேன் என்று சொல்ல வைத்தார். அம்மா சொன்னார். நான் அப்போது திருச்சியில் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு வந்தபோது அம்மா என்னிடம் மெதுவாக, "போனைப் பத்தி அவர் கேக்கவே இல்லடி" என்றார். அந்த முகத்தை இப்போதும் பார்க்கிறேன். ஆண்டவரையும் ஏமாற்றாமல் அப்பாவையும் மீறாமல் ஒரு வழி கண்டுபிடித்த முகம். அப்பா ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்த ஒரு மாலையில் அம்மா அண்ணன் வேலை பார்க்கும் ஸ்கூல் எண்ணைச் சுற்றத் தொடங்கினார். முடிக்கவில்லை, அப்பா குடைக்குத் திரும்பி வந்துவிட்டார். அந்தக் கிறிஸ்துமஸுக்குத்தான் வெள்ளிப் பெயிண்ட். அதை அடித்தபோது நானும் வீட்டில் இருந்தேன். "இப்ப சுத்து பாக்கலாம்" என்று அம்மாவிடம்தான் சொன்னார்.

அப்பாவைக் கெட்டவராக்காதே, பென்னியிடம் சொல்லாதே என்று அம்மா என்னிடம் வாக்கு வாங்கினார். நான் என்ன செய்யட்டும்? சொன்னால் அவன் வரமாட்டான்.

ஜெரூஷா

கோத்தகிரி
19 செப்டம்பர்

ஜெரூவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் நாங்கள் நலம். உங்கள் இருமல் குணமாக துஆ செய்கிறேன்.

உங்கள் அண்ணனை இப்போது நீங்கள் பார்க்க வேண்டும். எங்கேயோ கிடந்த மாமாவின் படத்தைத் தேடி எடுத்துச் சட்டம் போட்டிருக்கிறார். பையை இப்போதே அடுக்கிவிட்டார். "நவம்பருக்கு இப்பவே பேக்கிங்கா, ஹஜ்ஜுக்கா போறீங்க" என்று நான்தான் கிண்டல் செய்தேன்.

உங்கள் கடிதத்தைப் படித்தபின் கிண்டல் வரவில்லை.

எனக்கும் மாமாமேல் கோபம் உண்டு, அது என் சொந்தக் கணக்கு. அதை இதில் சேர்க்க மாட்டேன். ஆனால் ஒன்று உங்களுக்குத் தெரியாது. அத்தை இறந்து எத்தனையோ வருடம் கழித்தும், பள்ளிக்கூடத்தில் யாருக்காவது வீட்டிலிருந்து அம்மா போன் என்று ஆள் வந்து கூப்பிட்டால், அன்றைக்கு இவர் சரியாகச் சாப்பிட மாட்டார். மாமாவைப் பற்றிக் கத்துவார். அத்தையைப் பற்றி வாயே திறக்க மாட்டார். எது பெரிய காயம் என்று கூட இருக்கிற எனக்குத் தெரியாதா?

இப்போது ஒருவர் திரும்பக் கிடைத்திருக்கிறார். நீங்கள் எழுதினால் அவர் போய்விடுவார், இன்னொருவர் வருவார். யாரைக் கொடுப்பது என்று நான் சொல்லக் கூடாது. நான் இந்த வீட்டு மருமகளே இல்லை என்றார்கள் அல்லவா, இந்த ஒரு தடவை அது சௌகரியமாக இருக்கிறது.

உங்கள்,
இஃப்ரா

கோத்தகிரி
20 அக்டோபர்

அன்புள்ள ஜெரூ,

சுகமா? இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. ஏரி நிரம்பி வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டதா என்று செய்தியெல்லாம் பார்த்தேன். இங்கே நாங்கள் சுகம்.

டிக்கெட் போட்டுவிட்டேன். வருஷாப்தத்துக்கு முன்தினமே வந்துவிடுவேன். அப்பாவின் கல்லில் பெயர் எழுதும்போது கீழே ஒரு வசனம் போடுவீர்கள் அல்லவா? தூரத்தில் வரும்போதே தகப்பன் மகனைக் கண்டு மனதுருகி ஓடிவந்தான் என்பது வேண்டும். சர்ச்சுக்குப் போகாதவன் வசனம் சொல்கிறானே என்று சிரிக்காதே. ஓடிவரத்தான் இல்லை, ஆனால் மனதுருகினார். அதற்கு என்னிடம் அத்தாட்சி இருக்கிறது.

அம்மாவை மட்டும் இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அப்பா தன்னைக் கட்டிப்போட வேண்டியிருந்தது. அம்மாவுக்கு அதுகூடத் தேவைப்படவில்லை.

உடனே பதில் எழுது.

பென்னி

சிட்லபாக்கம்
27 அக்டோபர்

அன்புள்ள அண்ணா,

நான் சுகம். தண்ணீர் வாசல்படியோடு நின்றுவிட்டது. உன் சுகத்தை இந்தக் கடிதம் கெடுக்கும் என்று தெரிந்தே எழுதுகிறேன். எழுதாமல் இருந்துவிடலாம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்தேன். உன் கடைசிப் பத்தியைப் படித்த பிறகு முடியவில்லை.

டயலை அப்பா தனக்காக அடைக்கவில்லை. அம்மாவுக்காக அடைத்தார். உனக்கு எழுதுவதில்லை, உன்னைப் பார்க்கப் போவதில்லை என்று அம்மாவை வேதாகமத்தின் மேல் சொல்ல வைத்தார். போன் அந்தச் சத்தியத்தில் இல்லை என்று அம்மா கண்டுபிடித்து உன் ஸ்கூல் எண்ணைச் சுற்றும்போது பிடிபட்டார். அதன் பிறகுதான் வெள்ளிப் பெயிண்ட்.

அம்மா அதோடு விடவில்லை. அப்பா லைன் சரிபார்க்கும்போது டயலைத் தொடாமல், ரிசீவர் உட்காரும் இடத்துப் பொத்தானைத் தட்டியே எண் போடுவார், நினைவிருக்கிறதா? ஐந்துக்கு ஐந்து தட்டு, சைபருக்குப் பத்து. அம்மா அதைப் பார்த்து வைத்திருந்தார். அப்பா வெளியே போனால் போன்முன் உட்கார்ந்து தட்டுவார். உன் ஊர் எண் நீளம். நடுவில் ஒரு தட்டு பிசகினால் எங்கேயோ போய்விடும். முட்டிவலியோடு எஸ்.டி.டி. பூத்துக்கு நடக்க முடியாது. பூத்தை வைத்திருந்த ஏசுபாதம் சர்ச் கமிட்டி ஆள், மறுநாளே அப்பா காதுக்குப் போய்விடும். ஆகவே தட்டிக்கொண்டே இருந்தார்.

ஒரு பொங்கல் விடுமுறையில் நான் கதவருகே நின்று கேட்டேன். யாரோ எடுத்தார்கள். "பென்னி சார் இருக்காருங்களா?" என்றார் அம்மா. அது ஈரோட்டில் ஒரு அரிசி மண்டி என்று பிறகு அம்மாவே சொன்னார். "இங்க அப்படி யாரும் இல்லீங்கம்மா" என்றார்களாம். அம்மா வைக்கவில்லை. "சரிங்க தம்பி, நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். அந்த ஆளும் சாப்பிட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும், அம்மா "நல்லது, நல்லது" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நான் தட்டித் தருகிறேன் என்றேன். "உன்னை நான் பாவத்துல இழுக்க மாட்டேன்டி" என்று மறுத்துவிட்டார். உன்னிடம் சொல்லக் கூடாதென்று வாக்கும் வாங்கினார். அதை இன்று மீறுகிறேன்.

அப்பா ஏன் போனை உனக்கென்றார் என்று எனக்குத் தெரியாது. மனஸ்தாபப்பட்டிருக்கலாம் என்று சொல்ல ஆசைதான். தெரியாததைச் சொல்ல மாட்டேன், ஏற்கெனவே வாயை மூடிக்கொண்டு உன்னை ஒரு பொய்யில் நடக்க விட்டுவிட்டேன்.

வருவதும் வராததும் உன் இஷ்டம். நான் வாசல் கதவைத் தாழிடாமல் வைப்பேன்.

ஜெரூஷா

கோத்தகிரி
28 நவம்பர்

அன்புள்ள ஜெரூ,

நீ சுகம்தானே? நான் சுகம் என்று எழுதலாமா என்று தெரியவில்லை. சாப்பிடுகிறேன், பாடம் நடத்துகிறேன்.

வருஷாப்தத்துக்கு நான் வராததில் உனக்கு ஆச்சரியம் இருக்காது. உனக்குத் தெரியாதது, நான் அடுத்த வெள்ளிக்கிழமை வந்தேன். வீட்டுக்கு வரவில்லை. நேராகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். அம்மாவிடம் மட்டும் பேச வேண்டும் என்றிருந்தது.

மதிலோரம், அம்மா அடக்கத்தன்று எல்லாரும் போனபிறகு நான் வந்து நின்ற அதே இடம். ஆனால் கல்லில் இரண்டு பெயர். அம்மாவின் குழியைத் திறந்து அதிலேயே அப்பாவையும் வைத்தீர்கள் என்று அடக்கத்துக்கு வராத எனக்கு எப்படித் தெரியும்? இடம் இல்லையென்றால் அப்படித்தான் செய்வார்கள், தெரிந்ததுதான். இருந்தாலும் எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. அம்மா கீழே, அவர் மேலே. நான் எதைச் சொன்னாலும் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அதனால் அவரிடம் ஆரம்பித்தேன். சத்தமாகவே. டயலை, வேதாகமத்தை, இஃப்ராவை, எல்லாவற்றையும். பக்கத்துக் கல்லறையில் பூப் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்மணி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"இன்னா சார், யாராண்ட சண்ட?"

"எங்க அப்பாகிட்ட."

"நல்லா கேளு சார். கேட்டுக்கினுதான் கெடப்பாரு. இப்ப எழுந்து போவ முடியாதுல்ல?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அழுகையும். அந்தப் பெண்மணி மிச்சப் பூவை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

வசனம் போடாமல் விட்டிருக்கிறாய், பார்த்தேன். நன்றி.

போனை மொஹ்சினிடம் கொடுத்துவிடு. பெயிண்டையெல்லாம் எடுத்து, பச்சையாக்கி, டயல் சுற்றும்படி செய்து அந்தப் பெங்களூர்க்காரருக்கு விற்கச் சொல். எனக்கு வேண்டாம்.

இருட்டும்வரை அப்பாவோடே போய்விட்டது. வாட்ச்மேன் கேட்டைச் சாத்த வேண்டும் என்று வந்து நின்றார். பெருங்களத்தூரில் வெளியூர் பஸ் இப்போது நிற்பதில்லையாமே, கிளாம்பாக்கம் பஸ் நிலையத்துக்கு ஓடினேன். அம்மாவிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. பஸ் செங்கல்பட்டு தாண்டிய பிறகுதான் உறைத்தது.

ஆகவே டிசம்பர் விடுமுறையில் இஃப்ராவோடு வருகிறேன். அம்மாவிடம் பேச நிறைய இருக்கிறது, ஒரு நாளில் முடியாது. வீட்டில் எங்களுக்குப் படுக்க இடம் ஒழித்து வை.

பென்னி